சுவரைத் தூக்கும் மண்

மண்ணூர்பேட்டையில் மண்ணைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் பாடி, வடக்கே கொரட்டூர், நடுவே திருவள்ளூர் போகும் எம்.டி.எச். ரோடு. எங்கே கால் வைத்தாலும் தார், சிமெண்ட், பேவர் பிளாக். ஆனாலும் வீடு கட்டாத மனை ஒன்றாவது உங்கள் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போங்கள். மே மாதம் போவது நல்லது.

தரை முழுக்க வெடித்துக் கிடக்கும். ஐந்து பக்கம், ஆறு பக்கம் உள்ள கட்டங்களாக மண் பிரிந்திருக்கும். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைச் சில வெடிப்புகளில் விட்டால் முழுசாக உள்ளே போய்விடும் (நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்தால் எடுக்க முடியாது). ஒரு கட்டியைப் பெயர்த்துக் கையில் வாங்கினால் செங்கல்லுக்குக் குறையாத கெட்டி. அதே இடத்துக்கு நவம்பர் கடைசியில் போய்ப் பாருங்கள். வெடிப்புகள் ஒன்றுகூட இருக்காது. கெட்டியாக இருந்த மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பக்கத்துத் தெருக்களில் பழைய காம்பவுண்டு சுவர்கள் பலவற்றில் சாய்வாக ஒரு விரிசல் ஓடும். செங்கல் வரிசைகளில் படிப்படியாக ஏறிப் போகும். அதே மனையில் இருக்கிற மூன்று மாடி வீட்டில் விரிசலே இருக்காது. கனமான வீடு நன்றாக நிற்கிறது. லேசான சுவர்தான் வெடிக்கிறது. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? கட்டட மேஸ்திரி யாரையாவது கேளுங்கள். "இது களி பூமிப்பா, அப்படித்தான் பண்ணும்" என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் களி ஏன் அப்படிப் பண்ணுகிறது என்பதற்குக் கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் வானிலை, கொஞ்சம் புவியியல் மூன்றும் வேண்டும்.

சென்னையின் தரை எல்லா இடத்திலும் ஒன்று போல இல்லை. திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே கடினப் பாறை. அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் தொடங்கி மேற்கே நம் பக்கம் வரை பெரும்பகுதி களிமண். ஒரே மழை மூன்று இடத்திலும் பெய்யும். மணலில் விழுந்த தண்ணீர் மளமளவென்று உள்ளே இறங்கிவிடும். மணிக்கு 30 மில்லிமீட்டர், அதற்கு மேலும்கூட. ஈரமான களிமண்ணில் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் இறங்கும். மழை நின்று வெகுநேரம் ஆன பிறகும் நம் தெருவில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இது. மீதிப் பாதி, வடிகாலை யார் அடைத்தார்கள் என்பது. அது மண்ணின் தப்பில்லை.

களிமண்ணை மணலில் இருந்து பிரிப்பது முதலில் அளவு. மணல் பரலைக் கண்ணால் பார்க்கலாம். களித்துகளைப் பார்க்க முடியாது. 0.002 மில்லிமீட்டருக்குச் சிறியதாக இருந்தால்தான் விஞ்ஞானிகள் அதைக் களி என்று ஒத்துக்கொள்வார்கள். ஐந்நூறு துகள்களை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் தாண்டாது.

அளவைவிட முக்கியம் உருவம். மணல் ஓரளவு உருண்டை. களித்துகள் தட்டை, அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. ஒரு தகட்டின் கனம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படலம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படலம். இப்படி மூன்று படலம் ஒட்டிய தகடுகளால் ஆன களித்தாதுக்களில் ஒன்று மாண்ட்மோரில்லோனைட். பிரான்சில் மாண்ட்மோரில்லோன் என்ற ஊரில் முதலில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். உச்சரிக்க நாக்கு சுளுக்கும். ஆனால் இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அவர்தான், பழகிக்கொள்ளுங்கள்.

சுத்தமான மாண்ட்மோரில்லோனைட் ஒரு கிராம் எடுத்து, அதில் உள்ள எல்லாத் தகடுகளையும் பிரித்துப் பரப்பினால் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? 700, 800 சதுர மீட்டர். வீட்டில் பெரியவர்கள் 'ஒரு கிரவுண்டு' என்று மனையை அளப்பார்களே, அதுபோல மூன்று கிரவுண்டுக்கு மேல். ஒரு கிராமில்! நம் தரையில் இருப்பது சுத்தமான மாண்ட்மோரில்லோனைட் இல்லை. மற்றக் களிகளும் வண்டலும் மணலும் கலந்த மண். கலப்பில் அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு மண்ணுக்கு அந்தக் குணம் வரும். அது தெருவுக்குத் தெரு மாறும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த நோட்டுப் புத்தகங்களை வீட்டில் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் தாள்களுக்கு இடையே புகுந்து, ஒரு விரல் கனமிருந்த நோட்டு இரண்டு விரல் கனத்துக்கு உப்பிவிடும். மாண்ட்மோரில்லோனைட்டும் அப்படித்தான். தகடுகளில் எதிர்மின் சுமை இருக்கிறது. அதைச் சமன்செய்யத் தகடுகளுக்கு நடுவே கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் மூலக்கூறு இந்த அயனிகளைச் சுற்றி மொய்க்கும். ஒரு வரிசை தண்ணீர் புகுந்தால் தகடுகள் கொஞ்சம் விலகும். இன்னொரு வரிசை புகுந்தால் இன்னும் விலகும். கோடிக்கணக்கான தகடுகள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் விலகும்போது நிலமே உயர்கிறது. வெயிலில் தண்ணீர் வெளியேறினால் தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும். சுருங்கின மண்ணால் பழைய இடத்தை நிரப்ப முடியாது. அதனால் வெடிக்கிறது.

எல்லாக் களியும் இப்படி வீங்காது. பீங்கான் செய்யப் பயன்படும் வெள்ளைக் களியான கயோலினைட்டுக்கும் தகடுகள் உண்டு. ஆனால் அதில் ஒவ்வொரு தகடும் அடுத்ததை ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக்கிப் பிடித்திருக்கும். பக்கங்களை எல்லாம் பசைபோட்டு ஒட்டிய நோட்டு அது. தண்ணீர் புக வழியில்லை.

ஆக, தாது இருந்தால் மட்டும் நிலம் வெடித்துவிடுமா? இல்லை. வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும் ஊரில் இதே களி இருந்தால் அது எப்போதும் வீங்கியே இருக்கும், வெடிப்பு விடாது. மழையே இல்லாத ஊரில் சுருங்கியே கிடக்கும். ஆட்டம் நடக்க மழையும் வேண்டும், வறட்சியும் வேண்டும், இரண்டும் மாறி மாறி வர வேண்டும். அதற்குச் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரிக்குப் பிறகு மே வரை ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதோடு வெயில். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அன்று நம் களிமண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலண்டரால் ஒரு விநோதம் நடக்கிறது. வறண்டு வெடித்த நிலத்தில் முதல் மழை பெய்தால், தண்ணீர் வெடிப்புகள் வழியாக விறுவிறுவென்று கீழே போய்விடும். "எவ்வளவு பெஞ்சும் ஒரு சொட்டு நிக்கலையே" என்பார்கள். அடுத்தடுத்த மழையில் மண் வீங்கி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். கதவு சாத்தியாகிவிட்டது. அப்புறம் சின்ன மழைக்கும் தெருவில் தண்ணீர் நிற்கும். மழையின் அளவு மாறவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் மண் மாறிவிட்டது. வெள்ளம் எப்போது வரும் என்று கணக்கிடுகிறவர்கள் இன்றைய மழையோடு, நேற்று வரை பெய்ததையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்கே கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் இதே குணம் இன்னும் முற்றிய மண் இருக்கிறது: கரிசல். அங்கே கோடையில் மேல்மண் உடைந்து வெடிப்புகளுக்குள் விழும். மழைக்காலத்தில் கீழே விழுந்த மண்ணும் சேர்ந்து வீங்க, இடம் போதாமல் அடிமண் மேலே தள்ளப்படும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் மேல் மண் கீழேயும் கீழ் மண் மேலேயும் போய், ஏர் பிடிக்காமலே நிலம் தன்னைத் தானே உழுதுகொள்ளும். கரிசல் என்றாலே எரிமலைக் குழம்பில் இருந்து வந்தது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மகாராஷ்டிரத்தின் தக்காணப் பகுதிக்கு அது சரி. கோவில்பட்டியில் அந்த எரிமலைப் பாறை கிடையாது. அங்கே வேறு பாறையில் இருந்து, வேண்டிய தட்பவெப்பமும் நில அமைப்பும் சேர்ந்ததால் கரிசல் உண்டானது. பாறையை மட்டும் வைத்து மண்ணுக்கு ஜாதகம் எழுத முடியாது.

நில அமைப்பு என்றேன் அல்லவா, அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மண்ணூர்பேட்டையில் இருந்து வடக்கே செங்குன்றம் அதிக தூரமில்லை. பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே மேடான இடங்களில் தரை செக்கச் செவேல் என்று இருக்கும். சின்னச் சின்ன இரும்புச் சத்துள்ள உருண்டைகள் காலில் நெருடும். பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காவின் புத்தகத்தில் 'சரளை மண்' என்று போட்டிருப்பது இந்த வகையைத்தான். இதை ஆங்கிலத்தில் லேட்டரைட் என்பார்கள். 1807-இல் வெளிவந்த தன் பயணநூலில் பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பெயரை வைத்தார். கேரளத்தின் அங்காடிப்புறத்தில், வெட்டியெடுக்கும்போது மிருதுவாக இருந்து காற்றுப்பட்டதும் கெட்டிப்படும் இந்தக் கல்லை மக்கள் செங்கல்லுக்குப் பதிலாக வெட்டி வீடு கட்டியதைப் பார்த்தார். லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

அதே மழை, அதே வெயில். அங்கே சிவப்பு, இங்கே சாம்பல். ஏன்?

மேட்டில் விழுந்த மழை அங்கே தங்காது. மண்ணுக்குள் ஊறி, வழியில் கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு தாழ்வான பக்கம் போகும். கால்சியம், மெக்னீசியம், சோடியம், கொஞ்சம் சிலிக்கா எல்லாம் தண்ணீரோடு கிளம்பிவிடும். கரையாத இரும்பும் அலுமினியமும் மேட்டிலேயே தங்கும். தண்ணீர் வடிந்த துவாரங்களில் காற்று புகும். இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் சைக்கிள் செயினுக்கே தெரியும். மேட்டு மண் சிவக்கிறது. சிலிக்கா குறைந்துபோன இடத்தில் உருவாகும் களியும் பெரும்பாலும் கயோலினைட், வீங்காத வகை.

பள்ளத்தில் நடப்பது நேர் எதிர். மேட்டில் இருந்து கரைந்து வந்தவை எல்லாம் இங்கே வந்து சேரும். மாண்ட்மோரில்லோனைட் உருவாகத் தேவையான சிலிக்காவும் மெக்னீசியமும் இங்கேதான் தாராளமாகக் கிடைக்கும். தண்ணீர் மாதக்கணக்கில் தேங்குவதால் காற்று உள்ளே போகாது. காற்றில்லாத ஈரத்தில் இரும்பு தன் சிவப்பை இழந்துவிடும். மண் சாம்பல் நிறமாகும். கோடையில் தண்ணீர் ஆவியாகும்போது கால்சியம் மட்டும் சுண்ணாம்பாகப் படிந்து, சில இடங்களில் களிக்குள் வெள்ளை உருண்டைகளாகத் திரளும். சுக்காங்கல் என்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்துக்கொண்டு குமிழி வரும்.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இப்படி மண்கள் ஒன்றோடொன்று சங்கிலி போட்டுக்கொண்டு இருப்பதை 1930-களில் ஜெஃப்ரி மில்னே என்ற மண்ணியலாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வரைபடம் போடும்போது கவனித்தார். சங்கிலிக்கான லத்தீன் சொல்லான 'கேட்டினா' என்பதையே அதற்குப் பெயராக வைத்தார். இலங்கையின் வறண்ட பகுதியில், வவுனியாப் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏறி இறங்கும் நிலத்தில் முகட்டில் செங்கபில மண், அடியில் சாம்பல் களி. முகட்டில் மேட்டுப் பயிர், அடியில் நெல். மண்ணியல் படிக்காத விவசாயிகள் பல நூறு ஆண்டுகளாக அந்தச் சங்கிலியைப் பார்த்துத்தான் எங்கே எதை விதைப்பது என்று முடிவு செய்தார்கள்.

நம் பக்கத்துக் கதையில் இன்னும் இரண்டு பாத்திரங்கள் உண்டு. ஒன்று, பழைய ஆறுகள். கொசஸ்தலையாறும் கூவமும் இன்று ஓடும் வழியில் மட்டும் ஓடவில்லை. வெள்ளம் வந்தபோதெல்லாம் பரந்து, வேகம் குறைந்த இடத்தில் மெல்லிய சேற்றைப் படியவிட்டுப் போயின. மணல் கனமானது, சீக்கிரம் அடியில் உட்கார்ந்துவிடும். களி கடைசியாக, அசையாத தண்ணீரில்தான் படியும். மண்ணூர்பேட்டைப் பகுதி கடல் மட்டத்தில் இருந்து 20 மீட்டர் உயரத்தைத் தாண்டாத சமதளம். தண்ணீர் சோம்பல் படுவதற்கு ஏற்ற இடம். இரண்டாவது பாத்திரம் மிக மிகப் பழையது. ஆவடி, திருப்பெரும்புதூர்ப் பக்கம் பூமிக்கு அடியில் ஷேல் என்ற களிப்பாறை இருக்கிறது. டைனோசர்கள் உலவிய கிரிட்டேசியஸ் காலத்தில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இங்கே இருந்த ஆழமில்லாத கடலில் படிந்த சேறு இறுகிப் பாறையானது. அதில் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்களும் தாவரங்களின் பதிவுகளும் கிடைத்திருக்கின்றன. அந்தப் பாறை சிதைந்தால் மறுபடியும் களி. சேறு பாறையாகி, பாறை மறுபடி சேறாகி இருக்கிறது.

சிவப்புச் சரளைக்கும் ஒரு பழங்கதை உண்டு. 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். அது கற்கால மனிதர் செதுக்கிய கைக்கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைத்தன. தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே தோண்டியது. சரளைக்கும் கீழே, தடித்த களி அடுக்குக்குள் கிடந்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் அறிவித்தது. அத்தனை காலமாக அவற்றைப் பொத்தி வைத்திருந்தது களிதான்.

சரி, நம் காம்பவுண்டு சுவருக்கு வருவோம்.

நன்றாக வீங்கும் களிமண்ணை ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தண்ணீர் விட்டால், அது மூடியை மேலே தள்ளும். அந்தத் தள்ளுவிசை ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன், இருபது டன் என்றுகூடப் போகும். மூன்று மாடி வீட்டின் அஸ்திவாரம் தரையை அதற்கு ஈடாக அழுத்தி வைத்திருக்கும். மண்ணால் அதை அசைக்க முடியாது. காம்பவுண்டு சுவரின் அழுத்தம் மிகக் குறைவு. மழைக்காலத்தில் மண் அதை அப்படியே தூக்கிவிடும். முழுச் சுவரையும் ஒரே அளவு தூக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் குழாய் கசியும் இடத்தில் அதிகம் தூக்கும், வேப்பமரம் உறிஞ்சும் இடத்தில் கீழே இறங்கும். சுவருக்கு வளையத் தெரியாது, விரிசல் விடும். வீட்டிலும் லேசான தளங்கள், வாசல் படிகள், வெளி மூலைகள் முதலில் பாதிக்கப்படும். நடுவீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணில் வெயிலும் படுவதில்லை, மழையும் படுவதில்லை. அங்கே ஈரம் அதிகம் மாறாது. ஓரங்களில்தான் ஏற்ற இறக்கம்.

மேலே இருக்கும் மண்தான் இந்த ஆட்டம் போடும். மூன்று, மூன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே கோடையும் மழையும் அவ்வளவாக எட்டாது. அதனால் பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். மூன்றரை மீட்டர் அல்லது அதற்கு மேல் ஆழமாகத் துளை போட்டு, அடியில் மட்டும் குடைந்து அகலப்படுத்தி, கம்பி வைத்துக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அடியில் குமிழ் வைத்த தூண் போல இருக்கும். குமிழின் குறுக்களவு தூணைப்போல் இரண்டரை மடங்கு. மேலே உள்ள மண் வீங்கித் தூணைப் பிடித்து இழுத்தாலும், குமிழ் கீழே மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இதற்கு அண்டர்ரீம்டு பைல் என்று பெயர். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசல் நிலங்களுக்கு ஏற்றபடி இதை மேம்படுத்திப் பரப்பியது. அண்ணா நகர், முகப்பேர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பேச்சில் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடும்.

கட்டுவதற்கு முன்னால் மண் எவ்வளவு வீங்கும் என்று எப்படித் தெரியும்? ஆய்வகத்தில் உலர்ந்த மண்ணைச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு ஜாடிகளில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் மூலக்கூறுக்கு மின்முனைகள் இல்லாததால் தகடுகளுக்கு நடுவே புகாது, மண் வீங்காது. ஒரு நாள் கழித்து இரண்டு ஜாடியிலும் மண் எந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். தண்ணீரில் உள்ளது 50 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், மேஸ்திரிக்கு வேலை அதிகம் என்று அர்த்தம்.

களிமண்ணைப் பற்றி இவ்வளவு குறை சொன்ன பிறகு, அதன் பக்கமும் ஒரு வார்த்தை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி: இத்தனை ஏரிகள் இந்த வட்டாரத்தில் இருப்பது தற்செயல் இல்லை. மணலில் ஏரி வெட்டினால் தண்ணீர் நிற்குமா? களிப் படுகையில் ஒரு பக்கம் கரை எழுப்பினால் போதும், மழைநீர் அடுத்த கோடை வரை நிற்கும். ஒரு ஏரி நிரம்பினால் உபரி நீர் அடுத்ததற்குப் போகும். அம்பத்தூரில் இருந்து கொரட்டூருக்கு, அங்கிருந்து மாதவரம் பக்கம். தெருவில் தண்ணீரை நிற்க வைக்கும் அதே குணம்தான் ஏரியில் தண்ணீரை நிற்க வைத்தது. நாம் ஏரிப் படுகையிலும் தெரு போட்டுவிட்டோம், அதுதான் சிக்கல். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. மணல் பகுதியில் சின்னக் குழியே போதும். நம் பக்கத்தில் களி அடுக்கைத் துளைத்துக் கீழே உள்ள மணல் அடுக்கை எட்டினால்தான் தண்ணீர் இறங்கும். எட்டாத குழி வெறும் கொசுப் பண்ணை.

இனி உங்கள் வேலை. கால் கிலோ களிமண் எடுத்து வாருங்கள். பள்ளம் தோண்டியிருக்கும் இடத்தில் இறங்க வேண்டாம். வெட்டி வெளியே போட்ட மண்ணே போதும்.

ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். மணல் அதிகம் என்றால் உடனே உடையும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நீண்டால் நல்ல களி. அடுத்து, அதே மண்ணில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை செய்து, பேப்பர் மேல் நிழலில் காய வையுங்கள். முழுக்கக் காய்ந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது? நண்பர்கள் கொரட்டூர், ஆவடி, செங்குன்றம், பூந்தமல்லியில் இருந்தால் அவரவர் ஊர் மண்ணில் செய்யச் சொல்லி ஒப்பிடுங்கள். செங்குன்றத்து மேட்டு மண் அதிகம் சுருங்காது என்பது என் கணிப்பு.

ஈரக்களியை உடைத்து உள்ளே பாருங்கள். பழைய புல் வேர் போன வழியில் துரு நிறக் கோடுகள் தெரியலாம். வேர் வழியாகக் காற்று புகுந்த இடத்தில் மட்டும் இரும்பு சிவந்திருக்கிறது. சாம்பல் நிறக் களியைச் சூளையில் வைத்தால் செங்கல் சிவப்பாக வருவதும் அதே இரும்பால்தான். தீயில் அது ஹெமடைட் என்ற சிவப்புத் தாதுவாக மாறிவிடும்.

கடைசியாக, உங்கள் தெருவில் விரிசல் விட்ட சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, விரிசலுக்கு இருபுறமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து, தேதியோடும் அந்த மாதம் மழை பெய்ததா என்பதோடும் எழுதி வையுங்கள். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால், விரிசல் மே மாதத்தில் அகலமா, டிசம்பரில் அகலமா என்று தெரிந்துவிடும். மரம் பக்கத்தில் இருக்கும் சுவரும் இல்லாத சுவரும் ஒன்று போல நடந்துகொள்கின்றனவா என்றும் பாருங்கள்.

சோதனை முடிந்த சேற்றை மட்டும் சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள். குழாய்க்குள் போய் உட்கார்ந்துவிட்டால், அம்மாவிடம் மாண்ட்மோரில்லோனைட் பற்றி விளக்கிப் பிரயோசனமில்லை. ஒரு பூந்தொட்டியில் கொட்டி, கொஞ்சம் மணலும் மக்கிய இலையும் கலந்து கிளறிவிடுங்கள், செடிக்கு ஆகும்.